ஆலை மூடினாலும் பென்ஷன் மூடாது!

பழைய வேலையிடத்தில் விட்டுவந்த பி.எஃப்., ஓய்வூதியம்… தேடிப் பிடிக்க ஒரு வழிகாட்டி

2023-24 நிதியாண்டில், தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் செயல்படாத கணக்குகளில் சுமார் 8,500 கோடி ரூபாய் கேட்க ஆளில்லாமல் கிடந்தது. கணக்குகளின் எண்ணிக்கை 21 லட்சத்துக்கும் மேல். 2018-19-ல் இந்தத் தொகை சுமார் 1,638 கோடிதான். ஐந்தே ஆண்டுகளில் ஐந்து மடங்கு. நாடாளுமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்ட கணக்கு இது.

யாருடைய பணம்? ஷிப்ட் சங்கு ஊதுவதற்குள் சைக்கிளை மிதித்து மில் கேட்டைத் தொட்டவர்கள், பனியன் கம்பெனியில் கைமடித்தவர்கள், செக்யூரிட்டி உடுப்பில் இரவெல்லாம் நின்றவர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவைத் துடைத்தவர்கள். மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள், வேலை போனது, நம்பர் தெரியவில்லை, விட்டுவிட்டார்கள்.

ஆனால், இந்த 8,500 கோடியில் சேராத ஓர் இழப்பு உண்டு. 8,500 கோடி என்பது பி.எஃப். தொகை மட்டும். பென்ஷனுக்காகப் போன பங்கு எல்லாருக்கும் பொதுவான ஒரே நிதியில் கலந்துவிடுகிறது. அங்கே ஆளுக்கொரு இருப்புத் தொகை கிடையாது. எனவே, தகுதி இருந்தும் பென்ஷன் கேட்காமலே போன ஒரு தொழிலாளியின் இழப்பு, 'கேட்பாரற்ற தொகை' என்ற பட்டியலில்கூட ஏறுவதில்லை. அவர் கேட்டால் மட்டுமே அது தெரியவரும். இந்தக் கட்டுரை அவருக்காகத்தான்.

ஒரே பிடித்தம், இரண்டு கணக்கு

1952-ல் வந்த வருங்கால வைப்பு நிதிச் சட்டம், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களைப் பொதுவாகக் கட்டுப்படுத்துகிறது. பெரும்பாலான தொழில்களில் தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். முதலாளி தன் பங்காக இன்னொரு 12 சதவீதம் போடவேண்டும். தொழிலாளியின் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. முதலாளியின் பங்கு இரண்டாகப் பிரிகிறது: 8.33 சதவீதம் பென்ஷனுக்கு, மீதி 3.67 சதவீதம் பி.எஃப்.புக்கு. பென்ஷன் பங்குக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. 2014 செப்டம்பரில் அது 15,000 ரூபாயாக உயர்ந்தது.

1995 நவம்பர் 16 அன்று தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1971 முதல் இருந்தது குடும்ப ஓய்வூதியத் திட்டம். பழைய திட்டத்தில் இருந்து புதியதற்குள் தொடர்ந்து வந்தவர்களுக்கு, அந்தப் பழைய ஆண்டுகளும் பணிக்காலத்தில் சேரும்.

வேலையை விட்டதும், "பி.எஃப்.பை அப்பவே முடிச்சு வாங்கிட்டேன்" என்று சொல்பவர்கள் ஏராளம். அவர்கள் வாங்கியது பெரும்பாலும் படிவம் 19-இல் கேட்ட பி.எஃப். தொகை. பென்ஷன் பங்கைத் திரும்பப் பெற வேறு படிவம், 10-சி. அந்த இரண்டாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்காவிட்டால், பி.எஃப். பைசா பாக்கியில்லாமல் தீர்ந்திருந்தாலும் பென்ஷன் பணிக்காலம் அப்படியே உயிரோடு இருக்கும். பணம் வாங்கிவிட்டோம், இனி அங்கே என்ன இருக்கப்போகிறது என்று நினைப்பவர்கள்தான் முதலில் தேடவேண்டியவர்கள்.

பத்தாண்டு என்ற எல்லை

மாதப் பென்ஷன் கிடைக்க 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ உள்ள மிச்சத்தை ஓர் ஆண்டாகக் கணக்கிடுவதால், ஒன்பதரை ஆண்டு இருந்தாலும் போதும். முழுப் பென்ஷன் 58 வயதில். 50 வயதிலிருந்தே குறைத்து வாங்கலாம். முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு விழும்.

பத்தாண்டும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆனால், இப்படித்தான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. முதல் நாளில் சேர்ந்து கடைசி நாள்வரை இருந்தவருக்கும் அங்கே பத்தாண்டு நிறைந்திருக்காது. அதற்கு முன்போ பின்போ வேறு கம்பெனியில் பார்த்த வேலையைச் சேர்த்தால் மட்டுமே அவர் எல்லையைத் தாண்டுவார். இளம் வயதில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நான்கு ஆண்டு, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கார்மென்ட்ஸில் ஏழு ஆண்டு வேலை பார்த்த பெண்ணுக்கும் இதே கதைதான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் தகுதி இல்லை; சேர்த்தால் 11 ஆண்டு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன். எளிமைக்காக 15,000 ரூபாய் என்றே வைத்துக்கொண்டால், 11 ஆண்டுக்கு மாதம் 2,357 ரூபாய். அதை விட்டுவிட்டு இரண்டு இடத்திலும் 10-சி போட்டு எடுத்தால், நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு மாதச் சம்பளம், ஏழாண்டுக்கு ஏறத்தாழ ஏழரை மாதச் சம்பளம், மொத்தம் ஒன்றேமுக்கால் லட்சம் அளவில் ஒரே தடவையாக வரும். பென்ஷன் ஆறேகால் ஆண்டில் அந்தத் தொகையை எட்டிவிடும். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க, அவர் காலத்துக்குப் பின் கணவருக்கோ மனைவிக்கோ பாதி.

கஷ்ட காலத்தில் எடுத்துச் செலவழித்தவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. எடுக்காதவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: நீங்கள் தேடவேண்டியது ரூபாயைவிட ஆண்டுகளை. நாலாண்டு, மூன்றாண்டு, இரண்டாண்டு எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலையை விடும்போது 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதில் 'ஸ்கீம் சர்ட்டிபிகேட்' கேட்டு வாங்கி வைத்திருப்பவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. அந்தப் பணிக்காலத்துக்கு அந்தக் காகிதமே சாட்சி.

எப்படித் தொலைகிறது?

2014 அக்டோபரில் யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் வந்தது. ஆள் எத்தனை கம்பெனி மாறினாலும் எண் மாறாது. அதற்கு முன் கம்பெனிக்கொரு நம்பர். முதலாளிகள் மாதக் கணக்கை மின்னணு முறையில் ஆள்வாரியாகத் தாக்கல் செய்யத் தொடங்கியதே 2012-ல்தான். அதற்கு முந்தைய பதிவுகள் காகிதத்தில் பிறந்தவை. 1996-ல் மூடிய பெரம்பூர் பி அண்ட் சி மில்லின் தொழிலாளியும், 2020 மார்ச் பொதுமுடக்கத்தோடு நின்றுபோன தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் (என்.டி.சி.) கோவை ஆலைகளின் தொழிலாளியும் ஒரே சட்டத்தின் கீழ் வருபவர்கள். ஆனால், முன்னவருடைய பணிக்காலம் ஒரு பழைய கட்டுக்குள் இருக்கிறது. பின்னவருடையது கணினித் திரையில் தெரிகிறது.

அடுத்த சிக்கல் காண்ட்ராக்ட். பெரிய கம்பெனியின் கேட்டுக்குள் பத்து வருடம் வேலை பார்த்திருப்பார், பி.எஃப். கட்டியது லேபர் காண்ட்ராக்டர். அந்த ஏஜென்சியின் பதிவுப் பெயர் அவருக்குத் தெரியாது. பெரிய கம்பெனியின் பெயரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

மூன்றாவது, பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவருடையது. லட்சுமியை மில் கிளார்க் ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதியிருப்பார். ஆதார் எடுத்தவர் இன்னொரு விதமாக எழுதியிருப்பார். பள்ளிக்கூடம் போகாதவர்களின் பிறந்த தேதியை டைம் ஆபீஸில் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டதும் உண்டு. இன்று கணினி ஓர் எழுத்து மாறினாலும் ஏற்பதில்லை. தகுதியுள்ள பெண்களின் விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு இது பெரிய காரணம்.

டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

தேடல் ஆன்லைனில் தொடங்குவதில்லை; வீட்டில் தொடங்குகிறது. பழைய டிரங்குப் பெட்டி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவர், சாமி படத்துக்குப் பின்னால் செருகிய காகிதம் எல்லாவற்றையும் பாருங்கள். தேடவேண்டியது முதலில் பி.எஃப். ஆண்டு ஸ்லிப். முன்பெல்லாம் ஆண்டுக்கொரு முறை மில்லில் கொடுப்பார்கள். அதில் தொடக்க இருப்பு, அந்த ஆண்டில் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, வட்டி, முடிவு இருப்பு என வரிசையாக இருக்கும். மேலே இருக்கும் கணக்கு எண்ணை உற்றுப் பாருங்கள். மாநிலத்தையோ அலுவலகத்தையோ குறிக்கும் எழுத்துகள், ஒரு சாய்கோடு, கம்பெனியின் எண், இன்னொரு சாய்கோடு, கடைசியில் உங்கள் எண். இந்த ஒரு வரி கிடைத்தால் எந்த அலுவலகத்தில், எந்தக் கம்பெனியின் கட்டில், எத்தனையாவது ஆளாக நீங்கள் இருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

ஸ்லிப் இல்லையென்றால் சம்பளச் சீட்டு, போனஸ் சீட்டு, இ.எஸ்.ஐ. கார்டு, வேலை நியமனக் கடிதம், ஆலை அடையாள அட்டை, சங்கச் சந்தா ரசீது என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அதுவும் இல்லையா? கூட வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள். அவர்களில் ஒருவரிடம் ஸ்லிப் இருந்தாலே கம்பெனியின் எண் கிடைத்துவிடும். உங்கள் எண்ணை மட்டும் அதே கட்டில் தேடினால் போதும்.

நம்பர் இல்லாதவர்கள் என்ன செய்ய?

ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதியை ஒட்டி மாவட்டந்தோறும் வைப்பு நிதி நிறுவனம் குறைதீர் முகாம் நடத்துகிறது. அப்படியொரு முகாமில், மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அலுவலர். இந்தப் பக்கம் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, கோவைப் பக்கத்து மில் தொழிலாளி.

"பி.எஃப். நம்பர் இருக்காம்மா?"

"அதெல்லாம் தெரியாதுங்க சார். என்ற டோக்கன் நம்பரு கேளுங்க, சொல்றனுங்க."

சொன்னார். தடுமாறாமல், மூச்சு விடாமல். அந்த எண் மில்லோடு முடிந்துபோன எண். ஆனால், ஆலையின் பெயர், பார்த்த டிபார்ட்மென்ட், சேர்ந்த ஆண்டு, நின்ற ஆண்டு எல்லாம் அவர் நாவில் இருந்தன. அலுவலர் பொறுமையாக எழுதிக்கொண்டார். கேட்கத் தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்தால், நம்பர் தெரியாதவரிடமும் இத்தனை தகவல் இருக்கிறது.

வைப்பு நிதி நிறுவன இணையதளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. கம்பெனியின் எண், முகவரி, எந்த அலுவலகத்தின் எல்லை என்பதெல்லாம் தெரியும். பெயர் மாறிய, வேறு கம்பெனியோடு இணைந்த, கை மாறிய ஆலைகளுக்கு எல்லாப் பெயர்களிலும் தேடவேண்டும். பெரிய நிறுவனங்கள் சில தங்கள் பி.எஃப்.பைத் தாங்களே டிரஸ்ட் வைத்து நடத்தின. அப்போதும் பென்ஷன் பங்கு அரசின் நிதிக்கே வந்திருக்கும். ஆகவே டிரஸ்ட் கலைந்துபோயிருந்தாலும் பென்ஷனைக் கேட்கும் இடம் வைப்பு நிதி அலுவலகம்தான்.

அலுவலகத்தில் கேட்கவேண்டிய பழைய ஆவணங்களின் பெயர்களைத் தெரிந்துகொண்டு போனால் வேலை சுலபம். படிவம் 9: அந்த நிறுவனத்தில் உறுப்பினர்களானவர்களின் விவரப் பட்டியல். படிவம் 3-ஏ: ஒவ்வொருவருக்கும் ஆண்டு முழுக்க மாதவாரியாகக் கட்டிய தொகை. படிவம் 6-ஏ: எல்லாருடைய ஆண்டுத் தொகுப்பு. "என் பெயர் இந்த நிறுவனத்தின் படிவம் 9-ல் இருக்கிறதா, இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை 3-ஏ விவரம் என்ன?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. இணையவழிக் குறைதீர்ப்புத் தளமும் இருக்கிறது. அங்கே பதிவு எண் கிடைப்பதால், எந்த மேசையில் தேங்கியது என்று தொடர்ந்து கேட்கலாம்.

முதலாளி காணாமல் போயிருந்தால்?

விண்ணப்பத்தில் பழைய முதலாளி கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைப் பார்த்ததுமே பலர் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். மூடிய நிறுவனமென்றால் அந்தக் கையெழுத்தை வேறொருவர் போடலாம். வங்கி மேலாளர், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர், போஸ்ட் மாஸ்டர், பஞ்சாயத்துத் தலைவர், எம்.எல்.ஏ., எம்.பி. எனப் பட்டியல் நீள்கிறது. பென்ஷனுக்கான படிவம் 10-டி. பெயர், பிறந்த தேதி பொருந்தாவிட்டால் முதலில் கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் திருத்தம் செய்துகொண்டு பிறகு 10-டி போடுவது நல்லது.

இன்னும் பெரிய பயம், "அந்த ஆள் பிடிச்ச பணத்தைக் கட்டவே இல்லையே, எனக்கு எங்கிருந்து வரும்?" என்பது. ஓய்வூதியத் திட்டம் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. பென்ஷன் பணிக்காலம் என்பது, பங்குத்தொகை 'வந்த' காலம் மட்டுமல்ல, 'வரவேண்டிய' காலமும்தான் என்கிறது அதன் வரையறை. அந்த நிறுவனம் திட்டத்துக்கு உட்பட்டது, நீங்கள் அங்கே உறுப்பினராக வேலை பார்த்தீர்கள் என்பது நிலைநாட்டப்பட்டால், முதலாளியின் துரோகத்துக்காக உங்கள் ஆண்டுகளை வெட்டக்கூடாது. பாக்கியை வசூலிப்பது வைப்பு நிதி நிறுவனத்தின் பொறுப்பு. சட்டத்தின் 7-ஏ பிரிவின் கீழ் விசாரித்துத் தொகையைத் தீர்மானிக்கும் அதிகாரமும், ஜப்தி செய்யும் அதிகாரமும் அதற்கு உண்டு. ஆலைச் சொத்து ஏலத்துக்கு வந்தால், அடமானம் வாங்கிய வங்கியைவிட பி.எஃப். பாக்கிக்கே முன்னுரிமை என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலுவலகத்தில் "அவங்க கட்டலைம்மா" என்று சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறிவிடும்.

ஆள் இல்லாமல் போனாலும்

தேடவேண்டியவர் உயிரோடு இல்லை என்பதற்காகத் தேடலை நிறுத்தாதீர்கள். வேலையில் இருக்கும்போதே இறந்தவரின் மனைவிக்கோ கணவருக்கோ குடும்பப் பென்ஷன் பெறப் பத்தாண்டு தேவையில்லை. ஒரு மாதப் பங்கு கட்டியிருந்தாலே போதும். பத்தாண்டு முடித்து, வேலையை விட்டு, 58 வயதுக்கு முன் இறந்தவரின் குடும்பத்துக்கும் உரிமை உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயதுவரை தனியாகத் தொகை உண்டு. கணவர் இறந்தபோது பி.எஃப். பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய பெண்கள், பென்ஷனையும் கேட்டோமா என்று இன்று ஒருமுறை சரிபார்க்கவேண்டும்.

58 வயது முடிந்த மறுநாளே பென்ஷன் உரிமை தொடங்கிவிடுகிறது. அறுபத்தைந்தில் விண்ணப்பிப்பவர் இடைப்பட்ட ஆண்டுகளின் நிலுவையையும் குறிப்பிட்டுக் கேட்கவேண்டும். பி.எஃப். பணத்துக்கும் ஒரு செய்தி: 2011-ல், மூன்றாண்டு பங்கு வராத கணக்குகளுக்கு வட்டியை நிறுத்தினார்கள். 2016 நவம்பரில் அது மாறியது. இப்போது பழைய கணக்கு தூங்கினாலும் 58 வயதுவரை வட்டி ஏறும். 2024-25-க்கு அறிவித்த வட்டி 8.25 சதவீதம். செயல்படாத கணக்கில் ஏழாண்டு கிடக்கும் பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகலாம். போன பிறகும் 25 ஆண்டுவரை உரியவர் கேட்டு வாங்கலாம். "காலம் கடந்துபோச்சு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

தேடவேண்டியது யார்?

இத்தனையும் எழுதிவிட்டேன். ஆனால், இந்த அலைச்சல் முழுவதையும் அறுபது வயது மனுஷியின் தலையில் ஏற்றியிருப்பது நியாயமே இல்லை. பட்டியல் இருப்பது அரசு நிறுவனத்திடம். அவருடைய வயது அதற்குத் தெரியும், பணிக்காலம் தெரியும், பென்ஷன் தொடங்கவேண்டிய தேதியும் தெரியும். ஓய்வூதியம் கருணையால் தரும் தொகை அல்ல என்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1982-ல். உரிமை என்று ஒப்புக்கொண்ட பிறகு, உரியவர் வந்து கேட்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எப்படிச் சரியாகும்?

தொகையும் பெரிதல்ல. 2014-ல் குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 2023-ல் தமிழக அரசின் முதியோர் உதவித்தொகையே 1,200 ஆனது. உழைத்துச் சேர்த்ததன் குறைந்தபட்சம், உதவித்தொகையை எட்டவில்லை. 7,500 ரூபாயாவது வேண்டும் என்று ஓய்வூதியர்கள் தெருவில் இறங்கிக் கேட்பதில் என்ன தவறு? இந்தச் சின்னத் தொகையையும் வாங்கமுடியாமல் போகிறவர்களின் நிலையை என்ன சொல்ல?

செய்யவேண்டியவை தெளிவு. மூடிய ஆலைகளின் படிவம் 9, 3-ஏ கட்டுகளை முழுமையாகக் கணினிக்குக் கொண்டுவந்து, ஊர்வாரியாகப் பெயர்ப் பட்டியலைப் பஞ்சாயத்து, நகராட்சி அலுவலகங்களில் ஒட்டவேண்டும். ஓர் ஆலை கதவை மூடும்போது, கடைசித் தொழிலாளி கையிலும் ஸ்கீம் சர்ட்டிபிகேட் சேர்ந்ததா என்று உறுதிசெய்யவேண்டும். இனிஷியல் மாற்றத்துக்கும் எழுத்துப் பிழைக்கும் தமிழ்நாட்டு வழக்கம் தெரிந்த எளிய நடைமுறை வேண்டும். 1918-ல் சென்னையில் பி அண்ட் சி மில் தொழிலாளர்களை வைத்து நாட்டின் முதல் அமைப்பு ரீதியான தொழிற்சங்கம் உருவானது. அந்த மரபில் வந்த சங்கங்களின் அலுவலகங்களில் பழைய உறுப்பினர் பட்டியல்களும் சந்தா ஏடுகளும் இன்னும் இருக்கும். அவை தூசி தட்டி எடுக்கப்பட்டால் பல பேருடைய ஆண்டுகள் மீளும்.

58 வயது முடிகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும், "உங்கள் பெயரில் இத்தனை ஆண்டுப் பணிக்காலம் இருக்கிறது, இத்துடன் 10-டி படிவம் இணைத்திருக்கிறோம், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்" என்று வைப்பு நிதி நிறுவனமே கடிதம் எழுதவேண்டும். அந்த நாள் வரும்வரை அந்த வேலை சங்கங்களுடையது. அதைவிட, அந்தச் சம்பளத்தில் படித்து ஆளான பிள்ளைகளுடையது. அம்மா எந்தெந்த மில்லில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வேலை பார்த்தார் என்று இந்த வாரமே கேட்டு எழுதுங்கள். அடுத்த 27-ஆம் தேதிக்கு அந்தக் காகிதம் போதும்.